பிள்ளைகளுக்கென்று ஒரு படி

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்திற்குப் புரட்டாசி மாதம் இரு முகங்களோடு வருகிறது. பனியன் நிறுவனங்களுக்கு அது தீபாவளிக்கு முந்தைய வேலை மிகுந்த காலம். காலை எட்டரை மணிக்குச் செல்லும் தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புவர். பள்ளிப் பிள்ளைகளுக்கோ காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. அம்பிகைக்கு உரிய ஒன்பது இரவுகளும் பெரும்பாலும் இந்நாள்களை ஒட்டியே அமைகின்றன.

லைன் வீடுகளில் பகல் முழுவதும் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒன்பது நாள்களில் என்ன தரலாம் என்று எண்ணாத பெற்றோர் இல்லை. நம் முன்னோர் அதற்கு விடையாகவே கொலுவை வைத்துச் சென்றனரோ என்று தோன்றுகிறது.

மதுரையை அடுத்த விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் கைவினைஞர்கள் செய்யும் கொலு பொம்மைகள் அழகில் குறைந்தவை அல்ல. ஆண்டுக்கு ஒன்றேனும் வாங்கிச் சேர்ப்பது நல்ல வழக்கம். அக்குடும்பங்களின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் படி முழுவதும் கடைப் பொம்மைகளாகவே இருந்துவிட்டால், வீட்டுக் குழந்தைக்குக் கிடைப்பது "தொடாதே, உடைந்துவிடும்" என்ற எச்சரிக்கை மட்டுமே. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எத்தனை படி வைத்தாலும், கீழ்ப்படியைப் பிள்ளைகளின் கைக்கு விட்டுவிடுவது நலம்.

காட்டில் பிறந்த வழிபாடு

கையால் வடித்த மண்ணுருவை அம்பிகை ஏற்பாளா என்ற ஐயத்துக்குத் தேவி மாகாத்மியமே விடை தருகிறது. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய அந்நூல், பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்டது. பகைவரிடம் நாட்டை இழந்த சுரதன் என்னும் அரசனும், செல்வத்துக்கு ஆசைப்பட்ட மனைவி மக்களால் விரட்டப்பட்ட சமாதி என்னும் வணிகனும் காட்டில் சந்திக்கின்றனர். தம்மைத் துரத்தியவர்கள் மீதே தம் மனம் ஏன் இன்னும் பாசம் கொண்டிருக்கிறது என்று இருவரும் மேதஸ் முனிவரிடம் கேட்கின்றனர். அதற்கு மறுமொழியாகவே தேவியின் வரலாறு விரிகிறது.

வரலாற்றைக் கேட்ட இருவரும் ஆற்றங்கரை மணலில் அமர்ந்து, மண்ணால் தேவியின் திருவுருவைத் தம் கைகளாலேயே செய்து, மூன்றாண்டுகள் வழிபட்டனர். பொன்னும் இல்லை, சிற்பியும் இல்லை. அன்னை நேரில் தோன்றி, அரசனுக்கு இழந்த நாட்டையும் வணிகனுக்கு அவன் வேண்டிய ஞானத்தையும் அருளினாள்.

"எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கும் வழக்கம் இல்லையே" என்று தயங்குவோர் கொங்கு நாட்டில் பலர். சுரதனுக்கும் சமாதிக்கும் அந்த வழிபாடு பரம்பரையாக வந்ததன்று. மனம் நொந்த இருவர் புதிதாகத் தொடங்கியது. ஓர் அம்பாள் படம், ஒரு கலசம், பிள்ளைகள் செய்த நான்கு பொம்மைகள் ஆகியவற்றோடு எளிமையாகத் தொடங்கும் இல்லத்திற்கும் அன்னை வருவாள் என்று நம்பலாம்.

பனியன் ஊரின் பொம்மைகள்

பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. நூல் சுற்றி வந்த காலி அட்டைக் கோன்கள் திருப்பூரில் எங்கும் கிடைக்கும். ஒரு கோனை நிமிர்த்தி வைத்தால் கோபுரம். அதன் தலையில் களிமண் உருண்டை வைத்துப் பனியன் துணி சுற்றினால் சேலை உடுத்திய பெண். கட்டிங் வேஸ்ட் துண்டுகளைச் சுருட்டி நூலால் கட்டினால் யானையும் பசுவும் உருவாகும். துணி அனுப்பும் அட்டைப் பெட்டிகளை அளவு குறைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளைத் துணி விரித்தால் படியே தயார்.

வண்ணத்துக்கும் சமையலறையே போதும். மஞ்சள், அரிசி மாவு, அடுப்புக் கரி, பீட்ரூட் சாறு ஆகியன நான்கு நிறங்கள். மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகும். ஆரத்தி கரைக்கும்போது நாம் காணும் அதே மாற்றம். சுண்ணாம்பைப் பெரியவர்களே கலக்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட துன்பத்தையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நிறம் எங்கிருந்து வருகிறது, கழுவிய நீர் எங்கே போகிறது என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

முதல் நாளன்று ஒரு தட்டில் மண் பரப்பிக் கடுகும் ராகியும் விதைத்து நாளும் நீர் தெளித்தால், நவராத்திரி முடிவதற்குள் படியின் கீழே பச்சைப் பூங்கா எழுந்துவிடும். விதைத்ததை நாள்தோறும் வந்து பார்க்கும் குழந்தை பொறுமையைத் தானே கற்றுக்கொள்கிறது. ஊசி, கத்தரிக்கோல் வேலைகளைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில் பட்டன்களும் மணிகளும் வேண்டா.

சுண்டலும் சிறு கைகளும்

கொலுவுக்கு அழகு பொம்மை. அதற்கு உயிர் மாலைச் சுண்டல். வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது கூடுதல் சுமையாக வேண்டியதில்லை. இரவு உறங்கும் முன் கொண்டைக்கடலையைப் பொறுக்கிக் கல் நீக்கி ஊற வைப்பதைப் பிள்ளைகளே செய்யலாம். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறினால் மறுநாள் காலையில் விரைவில் வெந்துவிடும். வேலைக்குக் கிளம்புமுன் வேக வைத்து நீரை வடித்துவிட்டால், மாலையில் வீட்டிலிருக்கும் பாட்டியோ அத்தையோ கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்ப்பது சில நிமிட வேலை. பகலெல்லாம் வெளியே வைத்தால் புளித்துவிடும் என்று அஞ்சுவோர், ஊறிய கடலையை மாலையில் வேக வைக்கலாம். அதற்கும் நேரமில்லாத நாளில் விரைவில் வேகும் பாசிப்பருப்பு போதும். வெள்ளிக்கிழமையில் வெல்லப் புட்டு.

கறிவேப்பிலை உருவுவதும், தேங்காய் துருவுகையில் அருகிருப்பதும், வாசனை வந்தபோதும் நிவேதனம் ஆகும்வரை எடுத்துத் தின்னாமல் காத்திருப்பதும் பிள்ளைகளின் பங்கு. இந்தக் காத்திருத்தல் சிறியதாகத் தோன்றினும், முதலில் பிறருக்கு, பிறகு தனக்கு என்னும் ஒழுக்கம் இதில்தான் வேரூன்றுகிறது.

எதிர்வீட்டுப் பிள்ளை

கொலு வைத்த வீட்டின் கதவு மாலையில் திறந்திருக்கும். யார் வந்தாலும் ஒரு பாட்டு, ஒரு கைப்பிடி சுண்டல். அருள்புரம் போன்ற ஊரில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. இங்கே அடுத்த வீட்டுக்காரர் தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன அறையில் ஒரு குழந்தை தனியே அமர்ந்திருக்கலாம். வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு இதே நாள்களில் சொந்த ஊரில் துர்க்கா பூஜை. மண்ணால் ஆன அன்னையை அவர்கள் முன்பே அறிவார்கள்.

தேவாரம் திருப்புக்கொளியூர் என்று குறிக்கும் அவிநாசி நமக்கு அண்மையில்தான் உள்ளது. அவ்வூர் வீதியில் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தபோது ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அழுகையும் கேட்டன. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக மடுவில் குளிக்கச் சென்றவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று விழா. இழந்தவர்களுக்கு அந்த ஒலியே துயரம். விழாவோடு அழுகையையும் கேட்ட நாயனார், பதிகம் பாடி, விழுங்கப்பட்ட பிள்ளையை மீட்டுப் பெற்றோரிடம் சேர்த்தார் என்கிறது பெரிய புராணம். அவனுக்கும் உபநயனம் நடந்தது.

நம் வீட்டு மங்கல ஒலியின் நடுவே எதிர்வீட்டின் ஓசையையும் கேட்கச் சொல்வது இந்த வரலாறு. அந்தப் பிள்ளையை மாலை ஆறு மணிக்கு அழைத்து, ஒரு பிடி களிமண்ணைக் கையில் கொடுத்து, அவன் செய்ததையும் அதே படியில் வைத்தால் அதுவும் அம்பிகைக்கு வழிபாடே.

ஆயுத பூஜையன்று ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களும் சந்தனம் குங்குமம் இட்டு ஓய்வு கொள்ளும். பொரி கடலையோடு பெற்றோர் விரைவாக வீடு திரும்பும் நாள் அது. அன்று மாலை கொலுவின் முன் அமர்ந்து, எந்தப் பொம்மையை எந்தக் குழந்தை செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறியலாம். மறுநாள் விஜயதசமியில் சின்னஞ்சிறு குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்தை எழுதியபின், இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வது மரபு. மற்றவற்றைப் பழைய பனியன் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது, பிள்ளைகள் செய்தவற்றின் அடியில் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தால், அடுத்த புரட்டாசியில் பெட்டியைத் திறக்கும்போது அவர்களே தேடி எடுத்துப் படியில் வைப்பார்கள்.