பிரசவப் பை: பிடவைக் கடைக்காரர் கவனிக்க மறந்த ஒரு வியாபாரம்

எமது ஊர்களில் பிடவைக் கடை, பேன்சிக் கடை, பாமசி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன. ஆனால் முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் பையை நிரப்புவதற்கு இம்மூன்று கடைகளுக்கும் இரண்டு மூன்று தடவைகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வாங்கி முடித்த பின்பும் வேண்டியவற்றில் பாதி விடுபட்டிருக்கும். வேண்டாதவை பாதி சேர்ந்திருக்கும். பிரசவ வலி எடுத்த பிறகு பட்டியலும் கையில் இல்லாமல் கடைக்கு ஓடிவரும் கணவரைக் காணாத வியாபாரி இருக்க முடியாது.

இலங்கையில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. கொழும்பு டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879 ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அரச வைத்தியசாலையில் பிரசவம் இலவசம். எனினும் தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டிய துணிமணிகளையும் பாவனைப் பொருட்களையும் குடும்பத்தினரே கொண்டு செல்ல வேண்டும். எனவே ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு பை தேவை. இந்தத் தேவைக்குப் பருவகாலம் கிடையாது, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்ற கணக்கும் கிடையாது.

அதேவேளை, இந்தச் சந்தை பெருகி வரும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமார் பத்தாண்டுகளுக்கு முன் நாட்டில் வருடமொன்றுக்கு மூன்றரை இலட்சம் அளவில் இருந்த பிறப்புகள், 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டன. வாடிக்கையாளர் தொகை குறையும்போது, வருகின்ற ஒவ்வொருவரையும் நம்பிக்கையோடு தக்கவைத்துக் கொள்வதே வியாபாரம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் ஒரு விடயம். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நடைமுறை மாறும். கிளினிக்கிலோ குடும்ப நல உத்தியோகத்தரோ தரும் பட்டியல்தான் முதலாவது. கடைக்காரரின் பட்டியல் அதற்குத் துணை மட்டுமே. வாடிக்கையாளர் வந்தவுடன் "கிளினிக்கில் பட்டியல் தந்தார்களா?" என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள்.

பொதுவாக, தாய்க்கு முன்பக்கம் திறக்கக்கூடிய பருத்தி நைட்டி மூன்று தேவைப்படும். பாலூட்டுவதற்கும் பரிசோதனைக்கும் அதுவே வசதி. உடலை மூடியிருக்க விரும்பும் தாய்மாருக்கு நீண்ட கையுள்ள, முன்புறம் பொத்தான் வைத்த நைட்டியும், இலேசான துணியில் தலைமறைப்பும் வைத்திருந்தால் நன்றி சொல்லி வாங்கிச் செல்வார்கள். சாரம் இரண்டு, கடும் நிறத் துவாய் இரண்டு, பாலூட்டும் உள்ளாடை இரண்டு, தடித்த சனிட்டரி நப்கின் இரண்டு பக்கற், வழுக்காத இறப்பர் செருப்பு, சவர்க்காரம், பல்துலக்கி, சீப்பு, கோப்பை, தட்டு, கரண்டி, சுடுநீர்ப் போத்தல் என்பனவும் வேண்டும். பிரசவத்தின் பின் இரத்தப்போக்கு சில வாரங்கள் நீடிக்கும் என்பதால் மெல்லிய நப்கின் போதாது. சத்திரசிகிச்சை மூலம் பிரசவிப்பவர்களுக்கு இடுப்பு இலாஸ்டிக் காயத்தின் மேல் அழுத்தாத, உயர்ந்த உள்ளாடையே ஏற்றது.

குழந்தைக்குத் துணி நெப்கின் ஒரு டசின், முன்புறம் கட்டும் சட்டை ஐந்தாறு, தொப்பி, காலுறை, சுற்றிக்கொள்ள மென்மையான துணி நான்கு, சிறு துவாய் இரண்டு போதுமானவை. தலைவழியாகப் போடும் சட்டையை விட முன்புறம் கட்டும் சட்டை இலகுவானது. நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளை அல்லது வெளிர் நிறமே நல்லது. தொப்புள்கொடியில் இரத்தம் கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எமது உற்பத்தியாளர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. மருதமுனையின் கைத்தறி சாரத்துக்கும் சாரிக்கும் பெயர் பெற்றது. அதே தறியில் சாயம் குறைந்த, மென்மையான பருத்தித் துணியைப் பிள்ளை சுற்றும் அளவில் நெய்து தருமாறு நமது கடைக்காரர்கள் கேட்டுப் பார்க்கலாம். கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் பேரம் பேசும் செலவும் மிச்சமாகும்.

எதை விற்கக் கூடாது?

வியாபாரிகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இந்த விடயத்தில்தான். "பேபி செட்" என்ற பெயரில் அலங்காரமாகக் கட்டி விற்கப்படும் பொதிகள் சிலவற்றில் பால் போத்தலும் சூப்பியும் காணப்படுகின்றன. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவையும் போத்தல், சூப்பி போன்றவற்றையும் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்துவதற்கு எதிரான சர்வதேசக் கோவையை உலக சுகாதாரப் பேரவை 1981 இல் நிறைவேற்றியது. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு கோவையை உருவாக்கிக் கொண்டது. சர்வதேசக் கோவை கடைக்காரருக்குச் சொல்வது தெளிவானது: இப்பொருட்களுக்கு விசேட காட்சிப்படுத்தல் கூடாது, விலைக்கழிவு கூடாது, மாதிரிப் பொதி கொடுக்கக் கூடாது, வேறொரு பொருளோடு சேர்த்துக் கட்டி விற்கவும் கூடாது. பிரசவப் பையில் போத்தலைச் சேர்ப்பது இந்தக் கடைசி வகையில்தான் வருகிறது. வைத்தியர் அவசியம் என்று கூறினால் குடும்பத்தினர் தேடி வந்து வாங்கட்டும். நாமாகப் பைக்குள் வைக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் மட்டுமே ஆறு மாதங்களுக்குப் போதும் என்று தாதியர் சொல்லிக் கொடுக்கும் வார்ட்டுக்குள் அந்தப் போத்தல் போனால், உங்கள் கடையின் பெயர்தான் அடிபடும்.

அடுத்தது பவுடர். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் டல்க் கலந்த பேபி பவுடர் விற்பனையை 2023 இல் உலகெங்கும் நிறுத்திக் கொண்டது. பிறந்த குழந்தைக்கு எந்தப் பவுடரும் அவசியமில்லை. அதன் தூசு மூச்சோடு உள்ளே போகும். தலையணையும் அவ்வாறே. பச்சிளம் குழந்தை தலையணையின்றிச் சமமான படுக்கையில் உறங்குவதே பாதுகாப்பு. மணி, பட்டன், றிப்பன் கழன்று விழக்கூடிய உடுப்புகளும் ஊசி குத்தும் நெப்கின்களும் பைக்கு உரியவை அல்ல. இவற்றைச் சொல்லி ஒரு பொருளின் விற்பனையை இழப்பவர், அந்த வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொள்கிறார்.

கணக்கு எப்படி?

பையைக் கட்டி அடுக்கி வைப்பதா, கேட்கும்போது கட்டிக் கொடுப்பதா என்ற கேள்வி எழும். கணக்குக்காக ஒரு பையின் கொள்முதல் 5,000 ரூபா என்றும் விற்பனை விலை 6,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பத்துப் பைகளுக்கு முதலீடு 50,000. எட்டுப் பைகள் விற்றால் கையில் வருவது 48,000 மட்டுமே. அதாவது இரண்டு பைகள் தேங்கினால் இலாபம் மட்டுமல்ல, முதலும் முழுதாகத் திரும்பவில்லை. கட்டிய பையில் அழுக்குப் படியும், பொலித்தீன் கிழியும், நப்கினுக்குக் காலாவதித் திகதியும் உண்டு.

ஆகவே காட்சிக்கு ஒரேயொரு பையை வைத்துவிட்டு, மற்றவற்றை உதிரியாகவே வைத்திருப்பது புத்திசாலித்தனம். துவாய், நைட்டி, சாரம், நெப்கின் எல்லாம் தனித்தனியாகவும் விற்கும் சாமான்கள்தாம். அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் இருப்பவற்றை வெட்டிவிடச் சொல்லி, மீதியை மட்டும் கட்டிக் கொடுங்கள். பிறந்த குழந்தை அளவிலான உடுப்புகளைக் குறைவாகவும் அடுத்த அளவை அதிகமாகவும் கொள்வனவு செய்யுங்கள். பிள்ளை சில வாரங்களில் முதல் அளவைத் தாண்டிவிடும்.

விலையைப் பொருளுக்குப் பொருள் எழுதிக் காட்டுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலைக் காட்சிப்படுத்தலையும், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதையும் வியாபாரியின் கடமையாக்கியுள்ளது. பையாகக் கட்டிவிட்டோம் என்பதற்காக, குறித்த விலைக்கு மேல் எதையும் விற்க முடியாது. அவசரத்தில் வருபவரிடம் கூட்டி வாங்கிய நூறு ரூபாவை அவர் மறக்க மாட்டார்.

பெண்கள் சனிட்டரி நப்கினையும் உள்ளாடையையும் ஆண் சிப்பந்தியிடம் கேட்கக் கூச்சப்படுவது யாவரும் அறிந்ததே. அந்தப் பகுதிக்கு ஒரு பெண் ஊழியரை அமர்த்தினால் விற்பனையில் வித்தியாசம் தெரியும். உமாவோ மாமியோ மருமகளோடு வந்து ஆறுதலாகப் பார்க்க இடம் விடுங்கள். புதுத் துணிகளில் கஞ்சியும் மிகைச் சாயமும் இருக்கும். கழுவிக் காய வைத்தே பைக்குள் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதற்காகவே எட்டாம் மாதம் தொடங்கும்போதே வாங்கச் சொல்வது நல்லது. 36 வாரம் ஆகும்போது பை தயாராக இருக்க வேண்டும்.

வியாபாரி தகப்பனாகும்போது

கடை வைத்திருப்பவர் வீட்டிலும் பிரசவம் வரும். அடுத்தவருக்குப் பை கட்டிக் கொடுப்பவர் தன் வீட்டுப் பையை மறந்துவிடலாகாது. பையின் மேலறையில் தாயின் கிளினிக் கார்ட், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி என்பன இருக்கட்டும். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது பெற்றோரின் விபரங்களுக்கு இவை உதவும். 42 நாட்களுக்குள் அந்த வேலையை முடித்துவிடுங்கள். நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். பிரசவ அறைக்கு ஒரு சிறு பை, வார்ட்டுக்கு ஒரு பெரிய பை எனப் பிரித்து, இரண்டிலும் தாயின் பெயரை எழுதுங்கள்.

கடைப் பக்கமும் ஒரு பை கட்ட வேண்டியுள்ளது. சாவி யாரிடம், அந்த வாரம் வரவேண்டிய காசோலைகள் எவை, கொழும்புச் சரக்குக்குக் காசு கொடுப்பது யார், நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடிய வேன் எது என்பவற்றை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைச்செலவுக்கு ஒரு தொகையைக் கல்லாவில் இருந்து பிரித்து முன்கூட்டியே வீட்டில் வையுங்கள். பெருநாள் வியாபாரம் நடக்கும் வாரத்திலும் பிள்ளை பிறக்கலாம்.

உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே நாள் வரும். 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் எத்தனையாவது பிள்ளையாயினும் சம்பளத்துடன் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் இதில் சேராது. அவருக்கு ஒரு பையைக் கொள்முதல் விலையில் கட்டிக் கொடுப்பது பெரிய செலவல்ல.

இறுதியாக, பட்டியலோடு அச்சடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு வரி. பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடுபட்ட சாமானைப் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம். கடை மூடிய நேரத்தில் வந்து கதவைத் தட்டுபவருக்கு ஒரு பக்கற் நப்கினும் ஒரு துவாயும் எடுத்துக் கொடுக்கின்ற கடைக்காரர், அந்தப் பிள்ளைக்குப் பாடசாலைச் சீருடை தைக்கும் காலம் வரை அந்த வீட்டாரின் கடைக்காரராகவே இருப்பார்.