ஒரு வீட்டில் குழலும் முழவும்



சென்ற மாதம் என் மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலைக்கு வந்திருந்தார். "சேர், மூத்தவள் வயலின் படிக்கிறாள். இளையவனையும் அதிலேயே விட்டால் ஒரு வாத்தியத்தோடை, ஒரு வாத்தியாரோடை காரியம் முடிஞ்சிடும். என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். தமிழாசிரியனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று முதலில் வியந்தேன். பிறகு சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கணத்தைத் தனித்தனியே வகுக்கிறார். பின்னர் அரங்கில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நிற்கின்றன. தண்ணுமை வாசிப்பவன், இசை குறையும் இடத்தை நிரப்பவும் மிகும் இடத்தில் அடக்கவும் அறிந்தவனாய், தன் ஒலி பிற கருவிகளை மேவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே கூறப்படும் இலக்கணம். உடன்பிறந்தோருக்கும் இதைவிட நல்ல இலக்கணம் எது?

இதனை நான் பட்டறிந்தவன். சிறுவயதில் அண்ணரும் நானும் ஒரே ஆசிரியரிடம் ஒரே வயலினை மாறிமாறி வாசித்தோம். வீட்டுக்கு வந்தோர் எல்லாரும் "இரண்டு பேரிலும் ஆர் திறம்?" என்றே கேட்பர். விடை எனக்குத் தெரியும். மூன்றாந் தரப் பரீட்சைக்கு முன்பே நான் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணர் மீது எனக்குச் சினமில்லை. ஆயினும் அவர் சாதகம் செய்யும் நேரத்தில் நான் வீட்டில் நில்லாத ஆண்டுகள் பல.

ஒரே வாத்தியம் ஆகாது என்பதல்ல என் வாதம். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணா தம் புதல்வர் மூவருக்கும் வயலினையே கற்பித்தார். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்தியா சென்றது. வைத்தியநாதன் திரையிசையமைப்பாளரானார், சுப்பிரமணியம் உலக மேடைகளில் தனிவயலின் வாசித்தார், சங்கர் 'சக்தி' குழுவில் சேர்ந்தார். டி. என். கிருஷ்ணனும் தங்கை என். ராஜமும் தந்தையிடம் வயலின் தொடங்கியவர்களே. அண்ணன் கர்நாடக இசையில் நிலைக்க, தங்கை இந்துஸ்தானி இசைக்குச் சென்றார். வாத்தியம் ஒன்றாயினும் இவர்களுக்கு வழிகள் வேறாயின.

வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகளோ கலையையே பகிர்ந்துகொண்டனர். பாலசரஸ்வதி ஆடினார், தம்பியரில் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கமும், விஸ்வநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழலும் கற்றனர். அக்காவின் ஆடலுக்குத் தம்பியர் வாசித்தனர். ஒருவர் கலை மற்றவர் கலையை வேண்டி நின்றது.

இனி நடைமுறைக்கு வருவோம். வயலினில் சிறு கைகளுக்கேற்ற அரை, முக்கால் அளவுகள் உண்டு; சிறு பிள்ளைக்கு முழு வீணை பாரம். புல்லாங்குழலின் துளைகளை விரல் எட்டிப் பிடிக்க வேண்டும். அதன் சுருதியும் மூங்கிலோடு பிறந்தது, மாற்ற முடியாது. வயலினை அந்தச் சுருதிக்கு இறக்கலாம், ஏற்றலாம். மிருதங்கத்தையும் ஓரளவுக்கே கூட்டலாம்; உயர்ந்த சுருதிக்குச் சிறிய கட்டை வேண்டும். ஆகவே பிள்ளைகள் சேர்ந்து வாசிக்க வேண்டுமெனில், இரண்டாவது வாத்தியம் வாங்குமுன் முதலாவது பிள்ளை எந்தச் சுருதியில் வாசிக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

அதற்கும் முன்பு கேட்கவேண்டியது ஒன்றுண்டு. அதையே அந்தத் தாயாரிடம் கேட்டேன்: "அக்கா வாசிக்கேக்கை தம்பி என்ன செய்வான்?"

"கதவிலை தட்டிக்கொண்டு நிப்பான், சேர். அவளுக்குக் கோவம் வரும்."

"தாளம் பிசகுமோ?"

தாயார் சற்று யோசித்தார். "இல்லை, சேர். அவள் நிப்பாட்டினால்தான் அவனும் நிப்பாட்டுவான்."

"அப்படியெண்டால் அம்மா, அவனை மிருதங்கத்துக்கு விடுங்கோ" என்றேன்.

அன்று மாலை அண்ணர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசித்தார். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.