பிள்ளை வீடு மாறினால் தாபரிப்புப் பணம் என்னாகும்?



எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வாற பல பேருடைய கையில் ஒரே மாதிரியான கடிதம் இருக்கும். பிரிந்து வாழுகிற தாயும் தகப்பனும் பிள்ளை இனி யாரோடை இருக்கும் என்று கதைச்சு முடிச்சிட்டினம். ஆனால் காசு விசயம் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் கடன் கடிதம் வரும். இம்முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

டென்மார்க் சட்டப்படி தாய், தகப்பன் இரண்டு பேருக்கும் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை இருக்கிறது. கலியாணம் கட்டினீர்களா, கோயிலில் மட்டும் தாலி கட்டினீர்களா, பதிவு செய்தீர்களா என்பதை வைத்து அந்தக் கடமை மாறாது. (பதிவு இல்லாவிட்டால் தகப்பன் யார் என்பது சட்டப்படி நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கவனமாக வைத்திருங்கோ.) பிள்ளை யாரோடு வசிக்கவில்லையோ, அவர் மாதாமாதம் காசு கட்டவேண்டி வரும். டெனிஷில் அதற்கு ‘பேர்னெபிட்ராக்’ என்று பெயர். எங்கட நாட்டில் தாபரிப்புப் பணம் என்றால் தகப்பன்தான் கட்டுவார் என்று நினைப்போம். இங்கே பிள்ளை தகப்பனிடம் போய்விட்டால் தாய் கட்டவேண்டி வரலாம். இதைக் கேட்டு முகம் மாறின அம்மாக்கள் கனபேர்.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ஃபொரெல்ட்ரமுண்டிஹெட்’ என்பது பெற்றோர் அதிகாரம்: பாஸ்போட், பெரிய வைத்தியம், வெளிநாட்டில் குடியேறுவது போன்ற முடிவுகள். 2007 ஒக்டோபர் தொடக்கம் இது இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பதே வழமை. ‘போபேல்’ என்பது பிள்ளை பதிவிலே எந்த விலாசத்தில் இருக்கிறது என்பது. ‘சம்வேர்’ என்பது மற்றவரோடு பிள்ளை கழிக்கும் நாட்கள். தாபரிப்புப் பணத்தில் முக்கியமாகப் பார்க்கப்படுவது பிள்ளை உண்மையில் யாரோடு வசிக்கிறது என்பதே. ‘அதிகாரம் எனக்கும் இருக்கு, நான் ஏன் கட்டவேணும்?’ என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். ஒரு தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கோ. மகன் தாயோடை இருந்தவன், தகப்பன் மாதாமாதம் கட்டிவந்தவர். மகன் ‘அப்பாவோடை இருக்கப்போறன்’ என்று சொல்லி வந்திட்டான். தாயும் தொலைபேசியில் ‘சரி, இனிக் காசு வேண்டாம்’ என்று சொன்னா. தகப்பன் நிறுத்திவிட்டார். ஆனால் பழைய உத்தரவு எழுத்தில் அப்படியே இருக்கிறது, யாரும் அதை மாற்றக் கேட்கவில்லை. சில மாதம் கழித்து இரண்டு பேருக்கும் சண்டை வந்தால், அந்த ‘சரி’ என்ற சொல் எங்கேயும் பதிவில் இல்லை.

பிள்ளை இடம் மாறியதும் உத்தரவு தானாக நிற்காது. நீங்களே விண்ணப்பித்து நிறுத்தவேண்டும். அதோடு, பொதுவாக நீங்கள் விண்ணப்பித்த நாளை வைத்தே கணக்குப் பார்ப்பினம். பிந்திப்போனால் கழிந்த மாதங்களைத் திருப்பி எடுக்கிறது மெத்தக் கஷ்டம். ஆகவே பிள்ளை வந்த அந்தக் கிழமையே மூன்று வேலை செய்யுங்கோ. கொம்யூனில் விலாச மாற்றத்தை அறிவியுங்கோ, குடிமாறி ஐந்து நாளுக்குள் அறிவிக்கவேண்டும். ‘ஃபமிலியரெட்ஸ்ஹூசெட்’ என்ற குடும்பச் சட்ட அலுவலகத்துக்குப் பழைய பணத்தை நிறுத்தச்சொல்லி எழுதுங்கோ. உங்களுக்குப் பணம் வேணுமென்றால் அதையும் தனியாகக் கேளுங்கோ. முதலாவதைச் செய்தால் மற்ற இரண்டும் நடந்துவிடும் என்று நினைக்காதேங்கோ.

பழைய ஆக்கள் ‘ஸ்டாட்ஸம்டுக்குப் போ’ என்பினம். அவர்கள் வந்த காலத்தில் அது சரி. 2007 இல் ஸ்டாட்ஸம்ட் போய் வேறு அலுவலகம் வந்தது, 2019 ஏப்ரலில் அதுவும் போய் இப்போதைய அலுவலகம் வந்தது. பணம் வராவிட்டால் கொம்யூனில் கேட்கச் சொல்லுவினம். அந்த வேலை 2012 இல் ‘உட்பெட்டாலிங் டான்மார்க்’ என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

அந்த நிறுவனத்தின் வேலையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கோ. கட்டவேண்டியவர் கட்டாவிட்டால், பிள்ளையோடு இருப்பவர் அங்கே விண்ணப்பித்து அடிப்படைத் தொகையை, அதாவது ‘நோர்மால்பிட்ராக்’ என்பதை, முன்பணமாகப் பெறலாம். அதற்கு எழுத்தில் உத்தரவோ ஒப்பந்தமோ இருக்கவேண்டும். வாய்ப்பேச்சுக்கு ஒரு குரோனரும் தரமாட்டினம். கொடுத்த காசைக் கட்டாதவரிடமிருந்து அரசு திருப்பி அறவிடும். வருமானம் குறைவு என்று சொன்னாலும் பொதுவாக இந்த அடிப்படைத் தொகைக்குக் கீழே இறக்கமாட்டினம். வருமானம் கூடினால் அதற்கு மேலும் போகலாம். முன்பணம் எடுக்கும் தாய்மாருக்கும் ஒன்று: பிள்ளை மற்றவரிடம் போன பிறகும் அறிவிக்காமல் வாங்கினால் திருப்பிக் கட்டவேண்டி வரும்.

காசைக் கையில் கொடுக்காதேங்கோ. மச்சான் மூலம், கோயிலில் சந்தித்து, கடித உறையில் வைத்து என்று எங்கட சனம் கொடுக்கும். பிறகு ‘தரவேயில்லை’ என்றால் என்ன காட்டுவீர்கள்? வங்கி மூலம் அனுப்பி, எந்த மாதத்துக்கு என்று எழுதிவிடுங்கோ. சப்பாத்தும் உடுப்பும் வாங்கிக் கொடுத்ததைத் தாபரிப்புப் பணமாக நீங்களே கழித்துக்கொள்ளவும் வேண்டாம்.

‘பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டவில்லை’, ‘கட்டவில்லை, அதனால் காட்டவில்லை’. இரண்டும் பிழை. பணம் ஒரு வழக்கு, சந்திப்பு வேறு வழக்கு. ஒன்றை நிறுத்தி மற்றதை வெல்ல முடியாது.

அகதி விண்ணப்பம் இன்னும் முடியாமல் முகாமில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. உங்கட செலவுக் காசும் பிள்ளைக்கான பங்கும் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வருகின்றன. பிரிந்தாலோ பிள்ளை மற்றவரோடு போனாலோ முகாம் ஊழியருக்கு உடனே சொல்லுங்கோ, உங்கட சட்டத்தரணிக்கும் சொல்லுங்கோ. கணவன் அல்லது மனைவியின் பேரில் விசா பெற்று வந்தவர்கள் பிரிவை அறிவிக்க முன்னம் கட்டாயம் ஆலோசனை எடுங்கோ, வதிவிட அனுமதியே கேள்விக்குறியாகலாம். பல நகரங்களில் ‘அட்வோகாட்வாக்ட்’ என்ற இடத்தில் சட்டத்தரணிகள் இலவசமாகக் கதைப்பினம்.

அடி உதைக்குப் பயந்து பிரிந்தவர்கள் ஒரே மேசையில் இருக்கத் தேவையில்லை. தனித்தனிக் கூட்டம் கேட்கலாம். விலாசத்தை மறைத்து வைக்கவும் கொம்யூனில் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கூட்டத்துக்கு முன்னமே எழுதுங்கோ. பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. தன்னைப் பற்றின காசுச் சண்டையைத் தானே டெனிஷில் சொல்லவேண்டி வருகிற பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கோ.

பிள்ளை ஊரிலே பாட்டியோடோ தாயோடோ இருந்தாலும் வழி இருக்கிறது. 1956 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஏற்பட்ட ஐ.நா. உடன்படிக்கையில் டென்மார்க்கும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவரிடம் தாபரிப்புப் பணம் கேட்பதற்கு அது வழி செய்கிறது. காலம் பிடிக்கும்.

முடிவு உங்களுக்குப் பாதகமாக வந்தால், அதைக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கேட்க நான்கு கிழமைதான் தவணை. கடிதம் பெரும்பாலும் இணையப் பெட்டிக்குத்தான் வரும். இன்னும் அந்த வசதி இல்லாதவர்கள் தபாலில் வரும் உறையையும் எறியாமல் கடிதத்தோடை கொண்டுவாருங்கோ, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சேர்ந்து பார்ப்போம்.