தக்காளித் தொக்கு வேற, பாஸ்தா சாஸ் வேற!

வரிச்சிக்குடி பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம பசங்க பாஸ்தா செஞ்சா, அது பெரும்பாலும் தக்காளித் தொக்கில் பிரட்டிய பாஸ்தாவாகத்தான் வரும். ருசிக்குக் குறைவில்லை. ஆனா இத்தாலிய சாஸ் வேற ரகம். மசாலாவே கிடையாது. சாமான் கம்மி என்பதால், ஒவ்வொரு படியிலும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா போதும்.

ஒரு விஷயம் தெரியுமா? தக்காளி இத்தாலியோட சொந்தப் பயிர் இல்லை. நம்ம ஊர் மிளகாய் மாதிரியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தது. நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தினி 1690-களில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் 'ஸ்பானிய முறை' தக்காளி சாஸ் இருக்கு. அதில் மிளகாயும் உண்டு! அதனால ஒரு காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டா யாரும் கோபப்பட மாட்டாங்க.

இரண்டு பேருக்குத் தேவை: பாஸ்தா 200 கிராம், நல்லாப் பழுத்த தக்காளி அரை கிலோ, பூண்டு 4 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு. நாட்டுத் தக்காளியைவிட பெங்களூர் தக்காளி நல்லது. சதை அதிகம், தண்ணி கம்மி, சீக்கிரம் கெட்டியாகும். ஆலிவ் எண்ணெய் இல்லைன்னா சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசனை எல்லாத்தையும் அமுக்கிடும்.

செய்முறை:

1. தக்காளியின் அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்க. தோல் தானாக உரியும். கையால் பிசைஞ்சுக்கோங்க.

2. எண்ணெய் சூடாகும் முன்பே நசுக்கிய பூண்டைப் போட்டு, சிறு தீயில் வதக்குங்க. பூண்டு கருகினா சாஸ் முழுக்க கசக்கும்.

3. தக்காளி, உப்பு சேர்த்து, மூடாமல் 20 நிமிடம் கொதிக்க விடுங்க. மூடினா ஆவி திரும்ப உள்ளேயே விழும், கெட்டியாகாது. இரும்புச் சட்டி வேண்டாம். புளிப்பு இரும்போடு சேர்ந்து உலோக வாடை வரும்.

4. இன்னொரு பாத்திரத்தில் 2 லிட்டர் உப்புத் தண்ணியில் பாஸ்தாவை வேகவைங்க. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாடியே எடுத்து சாஸில் போடுங்க.

5. இதுதான் முக்கியம்: வடித்த தண்ணியைக் கொட்டிடாதீங்க! ஒரு கரண்டி ஊற்றி ஒரு நிமிடம் பிரட்டுங்க. அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் பிடிச்சு வைக்கும். நம்ம கஞ்சித்தண்ணி மாதிரிதான்.

கடைசியா பேசில் இலை. கடையில் தேட வேண்டாம். நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான், சப்ஜா விதை தரும் செடி. நாலு இலை கிள்ளி, அடுப்பை அணைச்சிட்டுப் போடுங்க.

மீதி சாஸை ஃபிரிட்ஜில் வெச்சா மூணு நாள் தாங்கும். மறுநாள் பிரெட்டில் தடவினா காலை டிபனும் முடிஞ்சுது!