மோட்டார் காரின் மின்சாரச் சாக்கெட்டில் நேரும் பழுதும் பரிகாரமும்

காரின் முன்பலகையில், ஆதியில் சுருட்டுப் பற்றவைப்பதற்கென்று அமைக்கப்பட்ட சாக்கெட், இக்காலத்தில் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றவும், டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பை ஓட்டவும் பயன்படுகிறது. கார் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் வயற்புறங்களில் இதையே நம்ப வேண்டியவராவர். இது திடீரென்று வேலை செய்யாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானதே. ஆயினும் செப்பனிடும் முறை தவறினால் வண்டியே தீக்கிரையாகக்கூடும்.

அமைப்பு

சாக்கெட்டின் அடியில் நடுவிலுள்ள தகடு, பியூஸ் வழியாக 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையோடு சேர்ந்தது. சுற்றிலுமுள்ள உலோகக் குழல் எதிர்முனையோடு சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரு நாணயமோ ஆணியோ தொட்டு இணைத்துவிட்டால் மின்னோட்டம் அளவு மீறிப் பாயும். அச்சமயம் பியூஸ் தான் உருகிக் கம்பிகளைக் காப்பாற்றுகிறது.

சோதிக்கும் முறை

முதலாவதாக, வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். அது வேலை செய்தால் பழுது முந்திய கருவியிலேயே உள்ளது. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினாலன்றிச் சாக்கெட்டுக்கு மின்சாரம் வராது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவதாக, சாவியை எடுத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியில் சாக்கெட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதேனும் கிடந்தால், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின்னரே, உலோகமல்லாத குச்சியால் அதை எடுத்தல் நலம்.

மூன்றாவதாக, பியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ உள்ள படத்தைக் கொண்டு, உரிய பியூஸைக் கண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நடுக்கம்பி அறுந்திருப்பின், அதே ஆம்பியர் அளவுள்ள புதிய பியூஸைப் பொருத்துக. தகட்டுப் பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியரைக் குறிக்கும்.

புதிய பியூஸும் அறுந்தால்

கருவியைச் செருகிய பின்னரே அறுந்தால், அக்கருவி பழுதுற்றது அல்லது சாக்கெட்டுக்கு மிஞ்சிய மின்சாரத்தை இழுப்பது என்று அறிக. ஒன்றும் செருகாதபோதே அறுந்தால், கம்பியின் மேலுறை எங்கோ தேய்ந்து வண்டியின் உலோகத்தைத் தொடுகிறது. களஞ்சியத்தருகே நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கடிப்பதும் இதற்கொரு காரணமாகும்.

பியூஸ் நன்றாயிருந்தும் மின்சாரம் வராவிடில், 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையை நடுத்தகட்டிலும், மறுமுனையை வண்டியின் சாயம் பூசாத உலோகப் பாகத்திலும் வைத்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் எதிர்முனைக் கம்பி தளர்ந்துள்ளது. எரியாவிடில் நேர்முனைக் கம்பி அறுந்துள்ளது. மஞ்சள் உறையிட்ட கம்பிகள் பெரும்பாலும் விபத்தில் விரியும் காற்றுப் பைக்கு உரியவையாதலால், அவற்றைத் தொடலாகாது.

எச்சரிக்கை

வீட்டுப் பியூஸ் கட்டையில் கிடைத்த கம்பியைச் சுற்றிப் பழகிய கை, காரிலும் அவ்வாறே செய்யத் துணியும். 15 ஆம்பியருக்குப் பதிலாக 30 ஆம்பியர் பியூஸையோ செப்புக் கம்பியையோ வைத்தால், பியூஸ் உருகுவதற்கு முன் முன்பலகைக்குள் இருக்கும் கம்பியே காய்ந்து தீப்பற்றும். பியூஸ் இருமுறை அறுந்தால் மூன்றாவதைப் பொருத்தாமல், சாக்கெட்டை உபயோகியாது விட்டு, தேர்ந்த மின் பணியாளரிடம் வண்டியைக் காட்டுவதே விவேகம். சில ரூபாய் பெறும் பியூஸ், பல லட்சம் பெறும் வண்டியைக் காக்கும் காவலாள்.