கஞ்சாவும் உறக்கமும்

கஞ்சா புகைத்தால் நன்றாக உறக்கம் வருகிறதென்று வாலிபர் சிலர் சொல்லக் கேட்கிறோம். அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. இவ்விஷயத்தில் ஏசுவதாலும் பரிகசிப்பதாலும் பயனில்லை. சாஸ்திரம் கண்டதை எடுத்துரைப்பதே நம் கடமையெனக் கருதுகிறோம்.

1964-இல் இஸ்ரேல் தேசத்து ரசாயன நிபுணர்களான ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் கஞ்சாவின் மயக்கத்துக்கு மூலமான டி.எச்.சி. என்னும் வஸ்துவைப் பிரித்தெடுத்தனர். அவ்வஸ்து சென்று பற்றும் இடங்கள் மூளையில் உண்டென்பது 1988-இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. ஒரு செடியின் பிசினுக்கென்று மனித மூளையில் இடம் ஒதுக்கப்பட்டிருப்பானேன்? 1992-இல் இதற்கு விடை கிடைத்தது. மூளை தானே சுரக்கும் ஒரு வஸ்துவுக்கு உரிய இடங்கள் அவை. அதைக் கண்டவர்கள் வடமொழியின் ‘ஆனந்தம்’ என்னும் சொல்லைக் கொண்டு அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர்.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனத் தூது அனுப்புகின்றன. தூது மிகும்போது, பெறுகின்ற அணு இத்தகைய வஸ்துவைச் சுரந்து, அனுப்பும் அணுவுக்குப் ‘போதும்’ என்று தெரிவிக்கிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சுரந்து, விரைவில் அது அழிந்து விடுகிறது. டி.எச்.சி.யோ இடமும் அறியாது, காலமும் அறியாது. கண்ட இடமெல்லாம் ‘போதும், போதும்’ என்று கூவுகிறது. கண் சொக்குகிறது, ஞாபகம் தடுமாறுகிறது, கனவு காணும் உறக்கமும் குறைகிறது.

தினந்தோறும் புகைப்பவன் மூளை இக்கூச்சலுக்குச் செவியை மூடிக்கொள்கிறது. பற்றும் இடங்கள் குறைகின்றன; பழைய அளவு போதாமற் போகிறது. நிறுத்தினாலோ உறக்கம் வருவதில்லை. வந்தாலும் விபரீதக் கனவுகள். ‘கஞ்சா இன்றி எனக்கு உறக்கமில்லை’ என்று அவன் மறுபடியும் அதையே நாடுகிறான். கடனை அடைக்கக் கடன் வாங்குபவன் நிலைதான் இது. ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. சுமார் நான்கு வாரம் விலகியிருந்தவர் மூளையில், குறைந்த இடங்கள் பெரிதும் மீண்டனவென 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

அதே செடியில் சி.பி.டி. என்னும் மற்றொரு வஸ்துவும் உண்டு. 15 மில்லிகிராம் டி.எச்.சி. தரும் மறுநாள் மந்தத்தை 15 மில்லிகிராம் சி.பி.டி. எதிர்த்து, விழிப்பைத் தூண்டியதாக 2004-இல் வெளியான சிறு ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. ஒரே செடியில் மயக்கமும் விழிப்பும் கூடியிருக்க, கஞ்சாவைப் பொதுவாக உறக்க மருந்தென்பது எங்ஙனம் பொருந்தும்? சந்தில் விற்கும் பொட்டலத்தில் எது எவ்வளவென்று விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான்.

1985-ஆம் வருஷத்துச் சட்டம் கஞ்சாவைத் தடுத்திருக்கிறது. சட்டம் கையைத் தடுக்கும். மனத்தைத் திருப்ப அறிவு வேண்டும். பொதுஜன ஊழியர்கள் இவ்வுண்மைகளை வாலிபரிடம் பொறுமையுடன் எடுத்துச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் வீழ்ந்தவனைத் தூற்றி ஒதுக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஊரை விழிக்கச் செய்ய வேண்டியவர்கள் வாலிபர்கள். அவர்களுடைய விழிப்பை நாம் இழக்கலாகாது.