சாய்மூட்டு வெட்டும் கட்டை

கட்டட மாதிரிகள், பரிசுப் பெட்டிகள் முதலியவற்றைச் செய்யப் பயன்படும் ஃபோம் போர்டு என்பது, நுரைநெகிழியின் இருபுறமும் தாள் ஒட்டப்பட்ட, பெரும்பாலும் 5 மி.மீ. தடிமனுள்ள அட்டையாகும். இதன் துண்டுகளை நேராக வெட்டி ஒன்றோடொன்று முட்டவைத்து ஒட்டினால், ஒரு துண்டின் விளிம்பிலுள்ள நுரை வெளியே தெரியும். இரு விளிம்புகளையும் 45 பாகைச் சாய்வில் சீவி இணைத்தாலோ, நுரை உள்ளே மறைந்து, வெளித்தாள்கள் மூலையில் ஒரே கோடாகச் சந்திக்கும். இவ்விணைப்பே சாய்மூட்டு எனப்படுகிறது.

வெறுங்கையில் பிடித்த கத்தி நெடுக ஒரே சாய்வில் ஓடுவது அரிது என்பதால், சாய்வைக் காக்கும் பொறுப்பை ஒரு மரக்கட்டையிடம் ஒப்படைப்பதே சாய்மூட்டு வெட்டும் கட்டை என்னும் கருவியின் அடிப்படையாகும். ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள கட்டையின் ஒரு பக்கம் 45 பாகைக்கு இழைக்கப்பட்டு, அச்சாய்தளத்தில் கட்டர் பிளேடு வைக்கப்பட்டு, மேலே ஓர் உலோகத் தகடு இரு திருகாணிகளால் இறுக்கப்படுகிறது. 5 மி.மீ. அட்டையைச் சாய்வாகக் கடக்கும் பாதை சுமார் 7.1 மி.மீ. நீளமுடையதாகையால், பிளேடு அதைவிடச் சற்றே கூடுதலாக வெளியே நீண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தை எஃகு அளவுகோலில் உரசியபடி கட்டையை நகர்த்தும்போது, பிளேடின் கூர்விளிம்பு சரிந்து செல்லுமாறு பொருத்தப்பட்டிருந்தால் நுரை பிய்யாமல் அறுபடும். மழுங்கிய பிளேடு நுரையைக் கிழித்துவிடும். கட்டை செல்லும் பாதையில் மற்றக் கையின் விரல்கள் இருத்தலாகாது.

அடித்தாளை மட்டும் விட்டு எதிரெதிர்த் திசைகளில் இருமுறை சாய்வாக வெட்டினால் 'வி' வடிவப் பள்ளம் உருவாகி, அட்டை துண்டாகாமலே செங்கோணமாக மடியும். பல பக்கங்களையுடைய பெட்டிகளுக்கு, 180ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், செங்குத்திலிருந்து பிளேடு சாய வேண்டிய அளவு கிடைக்கும். அறுகோணத்துக்கு அது 30 பாகை, எண்கோணத்துக்கு 22.5 பாகை.

கையின் பிழை வெட்டுக்கு வெட்டு மாறுவது. கட்டையின் பிழையோ ஒவ்வொரு வெட்டிலும் மாறாமல் திரும்ப வருவது. சாய்வு ஒரு பாகை பிசகினால், இரு வெட்டுகள் கூடும் ஒவ்வொரு மூலையிலும் அது 2 பாகையாகி, நான்கு மூலைகளில் 8 பாகையாகப் பெருகிப் பெட்டியை மூடவிடாது. எனினும் மாறாத பிழை என்பதாலேயே அதைத் திருத்தவும் முடிகிறது: இரு கழிவுத் துண்டுகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தால், தெரியும் பிசகு உண்மைப் பிழையின் இரு மடங்காகும். ஆகவே மூலையில் ஒரு பாகை பிசகினால் கட்டையைத் திருத்த வேண்டியது அரைப் பாகையே. அதற்கு, 4 செ.மீ. அகல அடிப்பரப்பின் ஓர் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு சாதாரணத் தாள் கீற்றுகளை அடுக்கி ஒட்டினால் போதும்.